சாவியோடு வரும் அந்தத் தாள்: ஜப்பானில் படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் ஜப்பானின் சென்டாய் நகருக்குப் புது மாணவர்கள் வந்து இறங்குவார்கள். இந்த முறை வந்த இரண்டு தம்பிகளுக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். அடுப்பு மேடையில், சாவி வந்த உறைக்குள் மடிப்புக் கலையாமல் ஒரு தாள் கிடந்தது. "இத நிரப்பிக் குடுக்கலயா?" என்றேன். "எல்லாம் ஜப்பானிய எழுத்தா இருக்குண்ணா, அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சிட்டோம்" என்றான் ஒருவன். வந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குப்பையைப் பிரித்துப் போடுவது, ரயிலில் போன் பேசாமல் இருப்பது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகப் பழகிவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

வீட்டின் நிலையைக் குறித்துக் கொடுக்காமல் விடுவது

சாவியோடு வரும் அந்தத் தாளில் சுவர், தரை, ஜன்னல், குழாய் என்று வரிசையாக இருக்கும். நாம் குடிபோகும்போதே இருக்கும் கீறல், கறை, உடைசலை அதில் குறித்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் வீட்டுத் தரகர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். எல்லா இடத்திலும் இந்தத் தாளைத் தருவதில்லை. தராவிட்டால் நீங்களே படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும்.

என் முதல் வீட்டில், பால்கனிக் கதவை ஒட்டித் தரையில் ஒரு சாண் நீளக் கீறல் இருந்தது. முதல் நாளே பார்த்தேன். மேலே ஒரு பாயை விரித்ததோடு சரி.

நான்கு வருடம் அங்கே இருந்தேன். சென்டாய்க் குளிரில் ஹீட்டரைப் போட்டு, துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டு, சோறும் ரசமும் கொதிக்கவிட்டால், காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஓடும். நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு. தினமும் ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும். நான் துடைக்கவில்லை. பிப்ரவரிக்குள் ஜன்னலுக்குக் கீழே சுவர்த்தாளில் கடுகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. அது என் தவறுதான்.

காலி செய்யும் நாளில் தரகர் அலுவலகத்து ஆள் டார்ச்சோடு வந்தார். இருபது நிமிடம் பார்த்தார். சுத்தம் செய்ய 30,000 யென், அது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அறை முழுவதும் சுவர்த்தாள் மாற்ற 54,000. தரைக் கீறலுக்கு 20,000. ஆக 1,04,000 யென். ஷிகிகின் என்று முன்பணமாகக் கொடுத்திருந்த 46,000 போக மீதி 58,000 கட்டச் சொன்னார். கீழே சாமான் வண்டி காத்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சட்டம் என் பக்கம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சாதாரணமாகக் குடியிருந்ததில் வந்த தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை என்று 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எதற்கு யார் செலவு ஏற்க வேண்டும் என்று அரசின் நிலம், உட்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் ஒரு வழிகாட்டியும் வைத்திருக்கிறது. அதன்படி சுவர்த்தாளின் மதிப்பு வருடா வருடம் குறைந்து ஆறு வருடத்தில் 1 யென்னாகிவிடும். நான் போனபோது அது புதிதாகவே இருந்திருந்தாலும், நான்கு வருடத்துக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குதான் என் தலையில் விழ வேண்டும். அதுவும் பூஞ்சை பிடித்த ஒரு பக்கச் சுவருக்கு மட்டும். கீறலுக்கு ஒரு யென்கூடத் தர வேண்டியதில்லை. ஆனால் அது முன்பே இருந்தது என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? தாள் மேஜை இழுப்பறையில் வெறுமையாகவே கிடந்தது.

அங்கேயே, உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். விவரமான கணக்கைக் கேளுங்கள், எத்தனை சதுர மீட்டர், என்ன விலை என்று. ஒத்துவராவிட்டால் 188 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் ஊர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் உதவுவார்கள்.

தம்பிகளின் தாளை அன்றைக்கே நிரப்பினோம். போன் வெளிச்சத்தில் தேடியதில் பதினொரு இடம் அகப்பட்டது. குளியலறைக் கதவின் கீழ்விளிம்பில் ஊறிப்போன மரத்தை அவர்கள் கவனித்திருக்கவே இல்லை.

காலி செய்வதைக் கடைசி நேரத்தில் சொல்வது

ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். சில ஒப்பந்தங்களில் இரண்டு மாதம். தாமதமானால் இரண்டு வீட்டுக்கு வாடகை.

ஓய்வூதியக் கடிதத்தைத் தூக்கிப் போடுவது

"நான் இங்கே கிழவனாகப் போவதில்லையே, எனக்கெதற்கு நென்கின் (ஓய்வூதியம்)?" என்று கேட்காதவர் இல்லை. ஜப்பானில் வசிக்கும் 20 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் எல்லோரும் இதில் சேர வேண்டும், வெளிநாட்டவரும்தான். மாதம் 17,000 யென்னுக்கு மேல் கட்ட வேண்டி வரும். வருமானம் குறைவான மாணவர்கள் கட்டுவதைத் தள்ளிப்போட விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வருடம் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். விடுபட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு வருடம் பின்னோக்கியும் கேட்கலாம், ஓடுங்கள்.

வருமானம் இல்லை என்று சொல்லாமல் இருப்பது

மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தைப் போன வருட வருமானத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். ஒன்றுமே சம்பாதிக்காவிட்டாலும் "பூஜ்யம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குறைந்த வருமானத்துக்கான தள்ளுபடி கிடைக்காது.

பகுதி நேர வேலை

வாரம் 28 மணி நேரம் வரைதான் செய்யலாம். இரண்டு கடையில் செய்தாலும் சேர்த்து 28தான்.

ஜப்பான் அரசு உதவித்தொகை வாங்குபவர்கள்

மாதாமாதம் நேரில் கையெழுத்து. போடாத மாதத்துக்குப் பணம் வராது.

ஊருக்குக் கிளம்பும்போது

ஒரு வருடத்துக்குள் திரும்பி வருவதாக இருந்தால், விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுக்கும் புறப்பாட்டுச் சீட்டில் அதற்கான கட்டத்தில் டிக் போடுங்கள். போடாமல் போனால் வசிப்புரிமை அங்கேயே முடிந்துவிடும்.