டொலர் ஆடும்போது கடைக்குச் சாமான் எடுப்பது எப்படி

2022 தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. அந்த நாட்களில் திருகோணமலையில் என் பலசரக்குக் கடையில் வியாபாரம் நன்றாகத்தான் ஓடியது, காசுப்பெட்டியும் நிறைந்தது, றாக்கை மட்டும் காலியாகிக்கொண்டே வந்தது. ஏனென்று விளங்கக் கொஞ்சம் காலம் பிடித்தது.

100 கிலோ பருப்பை 300 ரூபாய்ப்படி எடுத்து 330க்கு விற்றதாக வையுங்கள். கையில் 33,000, லாபம் 3,000. அதற்குள் மொத்தவிலை 350 ஆகிவிட்டால் அந்த 33,000க்கு 94 கிலோதான் வரும், லாபம்தானே என்று 3,000ஐ வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் 86 கிலோகூடத் தேறாது. ஆகவே விலை போடும்போது பழைய பில்லைப் பார்க்காதீர்கள். கொழும்பில் புறக்கோட்டை மொத்தக் கடைக்கு ஒரு கோல் எடுத்து, இன்றைக்கு எடுத்தால் என்ன விலை என்று கேட்டு அதற்கு மேல் போடுங்கள். விலை அச்சடித்த பொதிக்கும் கட்டுப்பாட்டு விலைச் சாமானுக்கும் இது சரிவராது, கூட்டி விற்றால் வழக்குத்தான்.

அப்புறம், எந்தச் சாமான் எதோடு ஏறும் என்று பிரித்து வையுங்கள். பருப்பும் பால்மாவும் கப்பலில் வருபவை, சந்தேகமில்லை. கோதுமை மாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சீனன்குடாவில் பிறிமா ஆலை கண்முன்னே நிற்பதால் அது நம்மூர்ச் சாமான் மாதிரித் தெரியும், ஆனால் அங்கே அரைபடுகிற கோதுமை வெளிநாட்டிலிருந்து இறங்குவது. கந்தளாய் அரிசி டொலரைவிட வெள்ளாமையைத்தான் பார்க்கும், ஆனாலும் 2021இல் இரசாயன உரம் நின்றதும் அதுவும் ஆட்டம் கண்டது.

ஓடர் கொடுக்கும் நேரத்துக்கு என் கணக்கு இது: நாளுக்கு 8 கிலோ போகிறது, லொறி வர 4 நாள், பிந்தினால் இன்னும் 3 நாள், ஆக இருப்பு 56 கிலோவுக்கு இறங்கியதும் ஓடர் போய்விட வேண்டும். அதற்காக விலை ஏறுகிறதே என்று மூட்டை மூட்டையாக அடுக்காதீர்கள், 2023இல் ரூபாய் திரும்பப் பலமானபோது அப்படி அடுக்கியவர்கள் நட்டத்துக்கு விற்றார்கள்.

லொறியை இரண்டு மூன்று கடைக்காரர் சேர்ந்து பிடியுங்கள். 2022இல் கியூஆர் கோட்டில் அளந்து எரிபொருள் கொடுத்த காலத்தில் ஹபரணை வழியாக அரைச் சுமையோடு வர எந்தச் சாரதியும் சம்மதிக்கவில்லை, நாங்கள் சேர்ந்து முழுச் சுமையாக்கிய பிறகுதான் சாமான் வந்தது.

கடன் கொப்பிதான் சிக்கலான இடம். விலை ஏறும் காலத்தில் ஒரு மாதக் கடன் என்பது நம் முதலைச் சும்மா கொடுப்பது. நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை காசு புரளும், அப்போதே பழைய கடனை வாங்கிவிடுங்கள். நவம்பரில் மழை பிடித்தால் தொழிலுக்குப் போகாத வீடுகள் வந்து நிற்கும், அவர்களுக்கு அரிசி பருப்பை மறுக்க முடியாது. சோடாவும் சிகரெட்டும் மட்டும் என் கொப்பியில் ஏறாது.