பரிசாகக் கொடுக்கும் குயில்ட்டில் லேபிள் தைக்கலாமா, எப்படித் தைப்பது?

தெரிந்தவர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த பழைய குயில்ட் ஒன்றை, அதாவது மேல்துணி, நடுவே பஞ்சு, பின்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வையை, ஒருமுறை என்னிடம் காட்டினார்கள். அதன் பின்பக்கத்து மூலையில், சிவப்பு நூலில், முறுக்கிய கயிறுபோல் கோடாக ஓடும் காம்புத் தையலால் ‘அன்புடன் பாட்டி’ என்று இரண்டே சொற்கள் போடப்பட்டிருந்தன. நூலின் நிறம் மங்கவே இல்லை; எழுத்துகளின் சுழிகளில்கூட ஒரு பிசிறு கிடையாது. ஆனால் அதைத் தைத்தவர் அப்பாவைப் பெற்ற பாட்டியா, அம்மாவைப் பெற்ற பாட்டியா, அவர்களுக்கும் முந்தையவரா என்று அந்த வீட்டில் இருந்த மூவரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு அழகான லேபிளில் ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது.

கொடுக்கிற பொருளில் தன் பெயரைப் பொறிப்பது தற்பெருமையாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் நல்ல மனத்திலிருந்து வருவது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் பரிசாகக் கொடுக்கும் ஒவ்வொரு குயில்ட்டுக்கும் லேபிள் வேண்டும் என்பதே என் முடிவு. இன்று வாங்கிக்கொள்பவருக்கு நம்மைத் தெரியும், லேபிள் தேவையில்லை. அவருடைய பேத்தி அதைப் பிரித்துப் பார்க்கும் நாளுக்காகத்தான் எழுதுகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் விவிலியக் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டி வைத்துத் தைத்த குயில்ட் ஒன்றை, 1891இல் ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை 5 டாலருக்கு வாங்கினார். விற்க மனமில்லாமல் விற்ற பவர்ஸ், ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன என்று விளக்கிச் சொன்னார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அந்தக் குயில்ட்டைப் பார்ப்பவர்கள் தைத்தவரின் பெயரோடும் அவர் சொன்ன விளக்கத்தோடும் பார்க்க முடிவது அந்தக் குறிப்பால்தான். வாங்கியவர் எழுதி வைப்பது அபூர்வம் என்பதால், தைத்தவரே எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. கையால் தைத்த குயில்ட்டைப் பெற்றவர்களில் பலர், துவைத்தால் கெட்டுவிடுமோ என்று பயந்து, அதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். ‘தினமும் போர்த்திக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் துவைக்கலாம்’ என்ற இரண்டு வரிகள் அந்தப் பயத்தைப் போக்கிவிடும்.

லேபிளில் எழுத வேண்டியவற்றில் முதலாவது, தைத்தவரின் முழுப்பெயர். ‘அம்மா’, ‘அத்தை’, ‘பாட்டி’ என்ற உறவுச்சொல் அன்புக்கு இருக்கட்டும், ஆனால் அதனருகே பெயரும் இருக்க வேண்டும். மேல்துணியை ஒருவர் இணைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலையை வேறொருவர் செய்திருந்தால், இருவர் பெயரும் வர வேண்டும். அடுத்து யாருக்கு, எதற்காக, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பவை. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பதை ஒருவர் மார்ச் என்பார், இன்னொருவர் ஏப்ரல் என்பார். ஆண்டுக்கு நான்கு இலக்கமும் தேவை. கடைசியாக, உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்கு பருத்தியா, கம்பளியா, பாலியெஸ்டரா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தைத்து முடித்தபின் வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். துவைக்கும் முறையோ அதைப் பொறுத்தே மாறுகிறது. கம்பளி அடுக்கு வெந்நீரிலும் கசக்கலிலும் இறுகிச் சுருங்கும். பாலியெஸ்டர் அதிகச் சூட்டைத் தாங்காது.

குழந்தைக்கான குயில்ட்டில் மட்டும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் போதும். முழுப் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் வெளியிடங்களுக்குத் தூக்கிச் செல்லும் பொருளில் இருக்கத் தேவையில்லை.

லேபிளுக்கு நெருக்கமான நெசவுள்ள, வெளிர் நிறப் பருத்தித் துணி ஏற்றது. ப்ளீச் செய்து வெண்மையாக்காத காடாத் துணி மிகப் பொருத்தம், ஆனால் அதன் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திவிட வேண்டும். கஞ்சி இருந்தால் மை இழைக்குள் இறங்காமல் மேலேயே நின்று, முதல் துவைப்பில் போய்விடும். பேனாவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பால்பாயின்ட் மை நாளடைவில் ஓரம் கசிந்து பரவும். தையல் கோடு வரையும், சூடு பட்டால் மறையும் பேனாவால் லேபிள் எழுதவே கூடாது: இஸ்திரி போட்டால் எழுத்து மறைந்துவிடும், கடும் குளிரில் அதுவே திரும்பவும் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டுக் குயில்ட்டுகளில் இரும்புச் சத்துள்ள மையால் எழுதிய சில பெயர்கள், எழுத்தின் வடிவத்திலேயே துணியை அரித்துத் துளையாக்கியிருக்கின்றன. எனவே அமிலமற்ற, நீரில் கரையாத, நிறமி மை கொண்ட நுண்முனைப் பேனாவை வாங்குங்கள். அதைக்கூட அப்படியே நம்பிவிடாமல், அதே துணியின் துண்டில் நாலு எழுத்து எழுதி, இஸ்திரி போட்டு, இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எழுதும்போது துணி நகர்வதே பெரும் தொல்லை. துணிக்கு அடியில் நுண்ணிய உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் அது அசையாது. வரி கோணாமலிருக்க, கறுப்புக் கோடு போட்ட தாளின் மேல் துணியை வைத்து, வெளிச்சம் வரும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, கோடுகளைப் பென்சிலால் மெல்ல எடுத்துக்கொள்ளலாம். பேனாவை அழுத்தாதீர்கள், அழுத்திய இடத்தில் மை ஊறிப் பரவும். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால், ‘ண’, ‘ஞ’ போன்றவற்றைச் சிறிதாக எழுதினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், மெல்லிய கோடாக ஒருமுறை எழுதி, காய்ந்தபின் அதன் மேலேயே இன்னொருமுறை ஓட்டுவது தெளிவாக வரும். ஒரு நாள் உலரவிட்டு, மேலே ஒரு துணி விரித்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள்.

எம்பிராய்டரி தெரிந்தவர்கள் இரண்டு இழையில் காம்புத் தையலோ பின்தையலோ போடலாம். பேனா எழுத்தைவிட அது நீண்ட காலம் நிற்கும். ஆனால் துவைக்கும் முறை வரை எல்லாவற்றையும் நூலால் எழுதப் பொறுமை வேண்டும். பெயரையும் ஆண்டையும் நூலிலும் மற்றவற்றைப் பேனாவிலும் போடுவது என் வழக்கம்.

இனிப் பொருத்துவது. முடிந்த குயில்ட்டின் மேல் நான்கு புறமும் உள்மடிப்பு வைத்து, நூல் வெளியே தெரியாத ஒளிதையலால் அடிப்பது எளிய வழி. ஊசி பின்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கத்தில் தலைகாட்டக் கூடாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் முக்கோண லேபிள் நல்லது. 20 சென்டிமீட்டர் சதுரத் துணியைக் குறுக்காக மடித்து, மடித்த ஓரம் குயில்ட்டின் நடுப்பகுதியைப் பார்க்க, பிசிறான இரண்டு ஓரங்களும் குயில்ட்டின் மூலையோடு பொருந்த வைத்து, ஓரத்தைச் சுற்றி மூடும் விளிம்புப் பட்டையைத் தைக்கும்போதே சேர்த்துத் தைத்துவிடுங்கள். பிறகு மடித்த ஓரத்தை மட்டும் கையால் தைத்தால் போதும். எழுத்தை விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டை அதை விழுங்கிவிடும். இஸ்திரியால் ஒட்டும் பசை லேபிள்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஆண்டுகள் போகப் போகப் பசை விடும்; துணியில் கறையும் தங்கிவிடலாம்.

மறைந்தவர்களின் உடைகளை வெட்டித் தைக்கும் நினைவுக் குயில்ட்டுக்கு ஒரு லேபிள் போதாது. எந்தக் கட்டம் யாருடைய சட்டை, எது எந்த நாளில் உடுத்திய சேலை என்று சிறிய வரைபடம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்து, இரண்டாவது துணித்துண்டில் எழுதித் தையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் அருகில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டிய விஷயம் இது. முன்பின் தெரியாதவர்களுக்குத் தானமாகப் போகும் குயில்ட்டாக இருந்தால், பெறுபவர் பெயருக்கு இடம் விடாமல், பஞ்சின் வகையும் துவைக்கும் முறையும் ஆண்டும் எழுதினால் போதும். உங்கள் பெயர் உங்கள் விருப்பம்.

லேபிள் இல்லாமல் முன்பே கொடுத்துவிட்டவற்றை நினைத்து வருந்த வேண்டாம். எழுதிய துணித்துண்டையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு அடுத்தமுறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம். வேறொருவர் தைத்த பழைய குயில்ட்டுக்கும் இப்படிச் செய்யலாம். ஆனால் பழந்துணியின் மேல் நேரடியாக எழுதாமல், தனித் துண்டில் எழுதி, பிரித்தெடுக்கும்படி சில தையல்களால் மட்டும் பிடித்து வையுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் கலக்காமல், ‘மகள் சொன்னபடி, சுமார் 1960’ என்று சொன்னவரையும் சேர்த்தே எழுதுங்கள்.