ரிப்பீட்டர் செவிடாகாமல் இருக்க: கேவிட்டிகளைச் சரிசெய்யும் முறை

ஒரு ரிப்பீட்டர் (வரும் ரேடியோ சிக்னலை வாங்கி, அதே நேரத்தில் வலுவாக மறுபடி அனுப்பும் நிலையம்) 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, 145.600-இல் ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஆன்டெனாவில் 50 வாட் வெளியேறும் அதே நேரத்தில், 0.2 மைக்ரோவோல்ட் அளவே உள்ள நலிந்த சிக்னலும் உள்ளே வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய 168 டெசிபல் வித்தியாசம்! இவற்றைப் பிரித்து வைப்பது டூப்ளெக்சர். கேவிட்டி எனப்படும், குறிப்பிட்ட அலைவெண்ணைக் கடத்தவோ தடுக்கவோ செய்யும் உலோகக் குழல் வடிகட்டிகளின் தொகுப்பு அது. அது தவறினால் சொந்த ஒலிபரப்பே ரிசீவரைச் செவிடாக்கிவிடும்.

ரிசீவர் பக்கத்துக் கேவிட்டிகள் 145.600-ஐத் தடுக்கின்றன, இதில் யாருக்கும் குழப்பமில்லை. டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் கேவிட்டிகளைத்தான் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள். அவை தடுக்க வேண்டியது 145.000-ஐ. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவெண்ணின் இருபுறமும் மெல்லிய இரைச்சலைப் பரப்பும். அது 145.000-இலும் விழும். ரிசீவர் உள்ளே விட வேண்டிய அலைவெண்ணிலேயே வந்துவிட்ட இரைச்சலை, அந்தப் பக்கம் எத்தனை கேவிட்டி அடுக்கினாலும் பிரித்தெடுக்க முடியாது. புறப்படும் இடத்திலேயே அடக்கியாக வேண்டும்.

சரிசெய்யும்போது ஒவ்வொரு கேவிட்டியையும் தனியே கழற்றி நேனோ வி.என்.ஏ. கருவியில் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு சிக்னல் கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று வரைந்து காட்டும் சிறு கருவி) மாட்டுங்கள். மொத்தமாக அளந்தால் தடுப்பு 80 டெசிபலைத் தாண்டும். அந்த ஆழத்தில் சிறிய கருவி தன் சொந்த இரைச்சலைத்தான் கோடாக வரையும். தனிக் கேவிட்டியில், தடுக்கும் அலைவெண்ணில் 30 டெசிபலை ஒட்டிய பள்ளம் தெளிவாகத் தெரியும். இரு முனைகளிலும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு துண்டு) மாட்டுவது என் வழக்கம். இருபுறமும் 50 ஓம் இருந்தால்தான் பள்ளத்தின் இடத்தை நம்பலாம்.

கடத்துவது, தடுப்பது இரண்டையும் செய்யும் கேவிட்டி என்றால், முதலில் நடுத்தண்டை நகர்த்திக் கடத்தும் அலைவெண்ணை அமையுங்கள். கடந்து வரும் சிக்னலின் உச்சி மழுங்கலாக இருக்கும், எது சரி என்று சொல்லாது. எதிரொலித்துத் திரும்பும் சிக்னலைப் பாருங்கள். அது கூர்மையாகச் சரியும் இடமே சரியான இடம். அட்டெனுவேட்டர் இந்தச் சரிவை மறைக்கும் என்பதால் இந்த ஒரு அளவீட்டுக்கு மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். பிறகு பள்ளத்தை நகர்த்தும் சிறு திருகு. ஒன்றைத் தொட்டால் மற்றது சற்றே நகரும். இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பாருங்கள். பூட்டும் நட்டை இறுக்கும்போதும் அலைவெண் வழுகும். ஆகவே ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இறுக்குங்கள்.

இணைப்புக் கேபிளில் சிக்கனம் வேண்டாம். செப்புப் பின்னல் இரண்டு உறைகளாக உள்ள ஆர்ஜி-214 போன்றது நல்லது. அலுமினியத் தாளும் செப்புப் பின்னலும் உரசும் கேபிள் இங்கே தானே இரைச்சலை உண்டாக்கும். தயாரிப்பாளர் தந்த நீளத்தை மாற்றாதீர்கள். அதுவும் வடிகட்டியின் ஓர் உறுப்பு.

எல்லாம் பூட்டியபின், ஆன்டெனா முனையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கும் சுமை) மாட்டி, இரைச்சலோடு கேட்கும் அளவுக்கு நலிந்த சிக்னலை கப்ளர் (சிக்னலில் சிறு பங்கை மட்டும் இணைக்கும் கருவி) வழியாகச் செலுத்துங்கள். டிரான்ஸ்மிட்டரை இயக்கி நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் கூடினால் கோளாறு டூப்ளெக்சரிலோ, கேபிளிலோ, டிரான்ஸ்மிட்டர் உறையின் கசிவிலோ இருக்கிறது. டம்மி லோடில் அமைதி, ஆன்டெனாவில் மட்டும் இரைச்சல் என்றால் கேவிட்டியைத் தொடாதீர்கள். கோபுரத்தில் ஏறித் துருப்பிடித்த இணைப்பைத் தேடுங்கள்.