அப்பா இல்லாத வீட்டிலிருந்து மகாபொலவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு

கம்பஸ் கிடைத்துவிட்டது, சந்தோசம். வந்தாறுமூலையோ ஒலுவிலோ கொழும்போ, எங்கே கிடைத்தாலும் மகாபொல என்ற கம்பஸ் பிள்ளைகளுக்கான உதவிப்பணத்தின் படிவத்தில் ‘தகப்பனின் தொழில், வருமானம்’ என்ற இடத்துக்கு வந்ததும் எங்களைப் போன்ற வீடுகளில் பேனா நின்றுவிடும். நான் அதில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்தது, இரண்டு கிழமை வீண். நீங்கள் கோடு இழுக்காதீர்கள், வெறுமையாகவும் விடாதீர்கள்.

‘அப்பா இல்லை’ என்று வீட்டில் சொல்வது கந்தோருக்குப் போதாது. செத்துப்போனாரா, காணாமற்போனாரா, விட்டிட்டுப் போனாரா? ஒவ்வொன்றுக்கும் வேறு கடதாசி.

மரணம் என்றால் மரண அத்தாட்சிப் பத்திரம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அவருடைய பென்ஷன் வந்தால் அதையும் வருமானத்தில் எழுதுங்கள்.

யுத்தத்தில் காணாமற்போனவர் என்றால், மரணப் பத்திரம் எடுக்க மனம் வராத அம்மாமார் எங்கள் பக்கம் நிறையப் பேர், அவர்களை வற்புறுத்தத் தேவையில்லை. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் சொல்கிற சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் எடுக்கலாம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலேயே கிளை இருக்கிறது, அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். அது கைக்கு வரும்வரை பழைய பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டையாவது தேடி எடுத்து வையுங்கள்.

விட்டிட்டுப் போனவர்தான் பெரிய தலையிடி. விவாகரத்து இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, ஆனால் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இன்னும் உங்கள் வீட்டு இலக்கத்திலேயே நிற்கும், ஜீ.எஸ். (கிராம சேவகர்) அதைப் பார்த்துவிட்டு ‘ஆள் இருக்கிறார்தானே மகள்’ என்பார். அதனால் படிவத்தோடு ஓடாமல், முதலே அம்மாவையோ அம்மம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் விசயத்தைச் சொல்லுங்கள். பிறகு சமாதான நீதவானிடம் அம்மா ஒரு சத்தியக் கடதாசி முடிக்கட்டும்: எந்த வருசம் போனார், காசு தருகிறாரா, பிள்ளைகள் யாருடைய உழைப்பில் சாப்பிடுகிறார்கள். வெட்கப்பட்டு மழுப்பி எழுதினால் நட்டம் உங்களுக்குத்தான். தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) வழக்கு இருந்தால் கட்டளைப் பிரதியையும் வையுங்கள், அந்தக் காசும் வருமானம். வழக்கே போடாதவர்களுக்கு ஒன்று: 1999 தாபரிப்புச் சட்டப்படி 18 முதல் 25 வயது வரையான பிள்ளைக்கும் கேட்கலாம்.

அம்மா குவைத்திலோ சவூதியிலோ என்றால் அது ‘இல்லை’ ஆகாது. அவர் அனுப்புகிற காசு வங்கிப் புத்தகத்தில் கிடக்கிறது, குறைத்துச் சொல்லி மாட்டுப்படாதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஜீ.எஸ். கையெழுத்து, அதன்பிறகு பிரதேச செயலகம். களுவாஞ்சிகுடியானாலும் திருக்கோவிலானாலும் ஒரே நாளில் முடியுமென்று நினைத்துப் போகாதீர்கள்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 7500 ரூபாய், பர்சரி என்ற மற்ற உதவிப்பணம் 6500 என்று கூட்டினார்கள். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது, மகாபொல தவறினால்தான் பர்சரி. கொடுக்குமுன் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள், பர்சரிக்கு எழுதும்போது அதே கணக்கையே எழுதவேண்டி வரும்.