கல்லீரல் மாற்றிய குழந்தைக்கு டாக்ரோலிமஸ் கொடுப்பது எப்படி?

இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்றே பிலியரி அட்ரீசியா என்ற, பச்சிளங்குழந்தையின் பித்தநாளம் அடைபடும் நோய்க்குத்தான்: 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, அப்பா கொடுத்த கல்லீரல் துண்டு. இன்று நல்ல மையங்களில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டிவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பெரும்பாலும் காப்பது புதிய கல்லீரலை உடல் எதிர்க்காமல் தடுக்க வீட்டில் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்துதான்.

12 மணி நேர இடைவெளி, காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு கொடுத்தால் மருந்து குறைவாக உடலில் சேரும். அதனால் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ, எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி. சிரப் என்றால் நன்றாகக் குலுக்கி, ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், ஸ்பூன் வேண்டாம். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

அதிகம் தவறு நடப்பது ரத்தப் பரிசோதனை நாளில். காலை மருந்துக்கு முன்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடுதலாகத் தெரியும். டாக்டர் டோஸைக் குறைப்பார். உண்மையான அளவு சரிந்து, உடல் கல்லீரலை எதிர்க்கத் தொடங்கும். மருந்தைப் பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு கொடுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதிவையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியேறிவிட்டதென்று கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். நடப்பது நேர்மாறு: குடல்சுவர் வழக்கமாகக் கொஞ்சம் மருந்தைச் சிதைக்கும், அது புண்ணானால் அதிகம் ரத்தத்தில் ஏறும். உடனே கல்லீரல் மாற்று செய்த மையத்துக்குப் போன் செய்யுங்கள். வாந்தி எடுத்தாலும் போன் செய்யுங்கள்.

இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனால் டாக்ரோலிமஸ் பற்றி முதலில் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் அளவை ஏற்றும்; ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின் இறக்கும். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கூடாது, சிறுநீரகம் கெடும். பம்பளிமாஸ் வேண்டாம். கீழாநெல்லி உட்பட எந்த நாட்டு மருந்தையும் மையத்தைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

போலியோ சொட்டு மருந்து இந்தக் குழந்தைக்கும் கூடாது, கூடப்பிறந்தவர்களுக்கும் கூடாது. சொட்டிலுள்ள உயிருள்ள கிருமி மலம் வழியே பரவும். அவர்களுக்கு ஊசி போடச் சொல்லுங்கள்.

கண் மஞ்சளானால், மலம் வெளுத்தால், அரிப்பு வந்தால் அன்றே கிளம்புங்கள். பித்தநாளத்தை இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம். கல்லீரலை உடல் எதிர்ப்பது மட்டும் முதலில் வெளியே தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். குழந்தை ஓடியாடி விளையாடுகிறதே என்று பரிசோதனையைத் தள்ளாதீர்கள்.