பழைய வீடியோ கேசட்டை டிவிடியில் ஏற்றுவது எப்படி?

அலமாரியில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளை இனியும் தள்ளிப்போடாதீர்கள். படத்தைத் தாங்கும் காந்தத் துகள்களை நாடாவோடு பிடித்துவைத்திருக்கும் பசை, ஈரக்காற்றில் மெல்ல மெல்லக் கெடுகிறது. ஓட்டிப் பார்க்க டெக் (வி.சி.ஆர்.) கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

நன்றாக ஓடும் டெக், கணினி, டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவரும் யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி, ஆர்.சி.ஏ. கேபிள், டிவிடி ரைட்டர், வெற்று டிவிடிகள். இவ்வளவுதான் தேவை.

முதலில் கேசட்டைப் பாருங்கள்

அவசரப்பட்டு டெக்கில் போட வேண்டாம். கேசட்டின் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருப்பு நாடாச் சுருளின்மேல் வெள்ளைப் பொடி திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம், லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

போனால் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டைப் போட்டு டெக்கைச் சோதித்தபின், உங்கள் கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும்.

இணைப்பு

டெக்கின் 'அவுட்' துளைகளிலிருந்து கேப்சர் கருவிக்கு இணையுங்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒரே ஒலித் துளை உள்ள டெக் என்றால் பதிவு மென்பொருளில் 'மோனோ' என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு காதில்தான் கேட்கும். டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதுவே மேல்.

பதிவு

பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். கேசட் 'பால்' (PAL, இந்தியாவில் வழக்கமான டிவி முறை) முறையில் இருந்தால் 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். என்.டி.எஸ்.சி. (NTSC, அமெரிக்கா, ஜப்பான் முறை) என்றால் 720×480, 29.97 ஃபிரேம். மென்பொருளின் கேன்வாஸை (படம் பதிவாகும் சட்டத்தை) மட்டும் முறையே 768×576, 640×480 என்று வைத்துப் படத்தை அதில் நிரப்புங்கள். அப்போதுதான் முகங்கள் ஒடுங்காமலும் அகலாமலும் வரும். சோர்ஸ் பட்டியலில் உள்ள கேப்சர் கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து, டீஇன்டர்லேசிங்கில் 'யாடிஃப்' தேர்ந்தெடுங்கள். அதை விட்டுவிட்டால், கையசைக்கும் ஒருவரின் விரல்கள் சீப்புப் பற்களைப் போலப் பிளந்து தெரியும்.

இரண்டு நிமிடம் மட்டும் பதிவு செய்து, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஒரு முறை இதைச் செய்யாமல் மூன்று மணி நேரக் கேசட்டை முழுதாகப் பதிவு செய்துவிட்டேன். வாயசைவும் குரலும் போகப்போக விலகியிருந்தன. மறுபடி மூன்று மணி நேரம்! கேசட் ஓடும் நேரம்தான் பதிவாகும் நேரம், குறுக்குவழி கிடையாது. கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைத்து வையுங்கள்.

படம் கோடு கோடாக வந்தால், ஹெட் நாடாவைப் படிக்கும் இடத்தைச் சரிசெய்யும் டெக்கின் டிராக்கிங்கைத் திருப்புங்கள். அடியில் மட்டும் மெல்லிய கோடு துடித்தால் பயப்பட வேண்டாம். அது எப்போதும் இருந்ததுதான், பழைய டிவிகள் ஓரத்தை மறைத்ததால் நாம் பார்க்கவில்லை.

டிவிடி

கோப்பை அப்படியே டிஸ்க்கில் நகல் எடுத்தால் எல்லா பிளேயரிலும் ஓடாது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் அதை டிவிடி பிளேயர்கள் படிக்கும் எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி, மெனுவும் போட்டுத் தரும். 4.7 ஜிபி டிஸ்க்கில் நல்ல தரத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான் அடங்கும். நீண்ட கேசட்டை நெருக்கித் திணிக்காமல் இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். எழுதி முடித்ததும் பிளேயரில் போட்டுக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள்.

டிஸ்க்கும் கெடக்கூடியதுதான். அதனால் பதிவு செய்த மூலக் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கட்டாயம் வையுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அசல், டிவிடி வெறும் நகல். கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். முழுக்க ரீவைண்ட் செய்து, ஈரம் படாத இடத்தில், புத்தகம்போல நிறுத்தி வையுங்கள்.