லிப்ஈவென்ட்: எந்தப் பெட்டியில் டிக் போடுவது? புதியவர்களுக்கான செய்முறை

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் என் மாமா சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். லோரி தராசில் ஏறி நின்றதும் கிராணி (எழுத்தர்) எடையைச் சரிபார்த்து ஒரு பொத்தானை அழுத்துவார். வெளியே தொங்கும் பலகையில் எடை தெரியும். தெரிந்தால்தான் குலை கொண்டு வந்தவருக்கு மனம் ஆறும். அந்தப் பலகைக்கு எண்ணை அனுப்பும் நிரலை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

முதல் வாரம் பலகை சரியாக நடக்கவில்லை. பொத்தானை அழுத்தினாலும் பழைய எண்ணே நின்றது. அடுத்த லோரி தராசில் ஏறும்போதுதான் முந்தைய லோரியின் எடை வந்து விழுந்தது. "என்ன தம்பி, என் எடையைப் பார்க்க அடுத்தவன் வர்ற வரைக்கும் நிக்கணுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிரலை வரி வரியாகத் தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. கோளாறு தொடங்கிய இடம் நிரலே அல்ல. லிப்ஈவென்ட் என்ற நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை) மூலநிரலிலிருந்து கட்டும்போது நான் யோசிக்காமல் டிக் போட்ட ஒரு பெட்டி. அது எந்தப் பெட்டி என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். நூலகத்தை முதல்முறை கட்டுகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த நூலகம் செய்வது என்ன?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியும் முன் எல்லாரும் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை வாசிப்பார். 200 பேர் என்றால் 200 பெயரும் வாசித்தாக வேண்டும், சொல்ல விஷயம் உள்ளவர் இரண்டே பேர் என்றாலும். யூனிக்ஸின் பழைய செலெக்ட் அழைப்பு இதே வேலையைத்தான் செய்கிறது: எந்த இணைப்பில் தகவல் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் பார்க்கும். லினக்ஸில் வழக்கமாக அதன் பட்டியல் 1024 இடங்களோடு முடிந்துவிடும்.

இதற்கு மாற்றாக 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1 இயங்குதளம் கேகியூ என்ற வழியைக் கொண்டு வந்தது. 2002இல் லினக்ஸ் கருவின் (கெர்னல்) 2.5 வரிசையில் ஈபோல் சேர்ந்தது. இந்த இரண்டிலும் பட்டியல் வாசிப்பு கிடையாது, விஷயம் உள்ளவர் மட்டும் முன்னால் வந்து நிற்பார். சிக்கல் என்னவென்றால் ஈபோல் லினக்ஸில் மட்டும், கேகியூ மேக்ஓஎஸ்ஸிலும் பிஎஸ்டியிலும் மட்டும். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியாக எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? லிப்ஈவென்ட் நடுவில் நின்று, இருக்கிற வழிகளில் நல்லதைத் தானே எடுத்துக்கொள்கிறது. டோர், மெம்கேஷ்டி, டிமக்ஸ் போன்ற நிரல்கள் எல்லாம் இதன் மேல்தான் ஓடுகின்றன.

தேவையானவை

லினக்ஸ் உள்ள பழைய மடிக்கணினி போதும், ராஸ்பெர்ரி பையும் போதும். லிப்ஈவென்ட்டின் தளத்திலிருந்து 2.1.12 மூலநிரலை இறக்குங்கள். 2020இல் வந்த நிலையான பதிப்பு அது. பிறகு உபுண்டு அல்லது டெபியன் வகைக் கணினியில் மூன்று மென்பொருள் பொதிகளை நிறுவுங்கள்: பில்ட்-எசென்ஷியல், சிமேக்-கியூடி-ஜியுஐ, லிப்எஸ்எஸ்எல்-டெவ். முதலாவது, மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கம்பைலர். இரண்டாவது, கட்டுமானத்தைத் தயார் செய்யும் சிமேக் கருவி, தேர்வுகளை ஜன்னலில் காட்டும் வடிவில். மூன்றாவது எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

டெர்மினலில் ஒரே வரியில் எல்லாத் தேர்வையும் தட்டச்சு செய்யலாம்தான். ஆனால் புதியவர்களுக்கு நான் ஜன்னலையே சொல்லித் தருகிறேன். என்னென்ன தேர்வு இருக்கிறது என்பதே தெரியாதபோது எதைத் தட்டச்சு செய்வது? ராஸ்பெர்ரி பையில் திரை இணைக்காதவர்கள் சிமேக்-கர்சஸ்-ஜியுஐ பொதியை நிறுவி, டெர்மினலிலேயே சிசிமேக்கைத் திறக்கலாம். அதே பட்டியல்தான் அங்கும் வரும்.

தேர்வுகளின் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். திரையில் அவை பெரிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும்.

படி 1: இரண்டு கோப்புறை

சிமேக் ஜன்னலின் மேலே இரண்டு கட்டங்கள் உண்டு. மேல் கட்டத்தில் மூலநிரல் இருக்கும் கோப்புறையைக் காட்டுங்கள். கீழ்க் கட்டத்தில் கட்டுமானத்துக்கான கோப்புறை. அதற்கு 'பில்ட்' என்று புதிதாக ஒன்றைக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தனியாக இருந்தால், எது கெட்டுப்போனாலும் பில்ட் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். மூலநிரலுக்கு ஒன்றும் ஆகாது.

படி 2: கான்ஃபிகர்

கான்ஃபிகர் பொத்தானை அழுத்துங்கள். எந்தக் கருவிக்காகக் கோப்பு எழுதுவது என்று கேட்கும். யூனிக்ஸ் மேக்ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கீழ்ப் பெட்டியில் வரிசையாக வரிகள் ஓடும். அதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஈபோல் இருக்கிறதா, கேகியூ இருக்கிறதா, இந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறதா என்று உங்கள் கணினியை அது தானாகவே சோதிக்கிறது. எந்த வழி வேண்டும் என்பதற்கு நீங்கள் டிக் போட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் வரலாம்.

சிமேக் 4 உள்ள கணினி என்றால், 3.5க்கு முந்திய பதிப்புகளோடு ஒத்துப்போவதை விட்டுவிட்டோம் என்று சொல்லி நின்றுவிடும். லிப்ஈவென்ட் 2.1.12இன் கட்டுமானக் கோப்பு அதைவிடப் பழைய பதிப்பைக் கேட்பதுதான் காரணம். ஆட் என்ட்ரி பொத்தானை அழுத்தி, சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம் என்ற பெயரில், ஸ்ட்ரிங் வகையில், 3.5 என்ற மதிப்பைச் சேர்த்து மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

இன்னொன்று, ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கம் செய்யும் நூலகம்) கிடைக்கவில்லை என்ற பிழை. லிப்எஸ்எஸ்எல்-டெவ் பொதி அதற்காகத்தான். அதை நிறுவ மனமில்லை என்றால், ஈவென்ட் டிசேபிள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெட்டியில் டிக் போடலாம். நூலகம் முழுதாகக் கட்டப்படும், மறையாக்கம் செய்த இணைப்புக்கான பகுதி மட்டும் இருக்காது. மாமாவின் களத்தில் தராசும் பலகையும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு கேபிளில் பேசுவதால் நான் டிக் போட்டேன். உங்கள் நிரல் வெளியே இணையத்தில் போய்ப் பேசும் என்றால் போடாதீர்கள்.

படி 3: சிவப்பு வரிகளைப் படிப்பது

இப்போது நடுவில் ஒரு பட்டியல், எல்லாம் சிவப்பில். பயப்பட ஒன்றுமில்லை. சிவப்பு என்றால் "இது புதிது, நீங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்றுதான் பொருள். குரூப்ட் என்ற பெட்டியைத் தட்டினால் வரிகள் குடும்பம் குடும்பமாகப் பிரியும். ஈவென்ட் என்ற குடும்பம்தான் நமக்கு. ஒரு வரியின் மேல் சுட்டியை வைத்துக் கொஞ்சம் காத்திருங்கள், அதன் விளக்கம் தோன்றும்.

சனிக்கிழமைகளில் என்னிடம் படிக்க வரும் பையன் ஒருவன் முதல்முறை இந்தப் பட்டியலைப் பார்த்ததும் திரெட் சப்போர்ட் என்று முடியும் வரியில் டிக் போட்டான். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு அது வேணும் அண்ணே. டிக் போட்டா வேணும்னுதானே அர்த்தம்?"

"பேர மறுபடியும் படி தம்பி. முன்னாடி என்ன சொல் இருக்கு?"

"டிசேபிள்..."

எல்லாரும் இடறும் இடம் இதுதான். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலான வரிகள் டிசேபிள் என்று தொடங்கும். டிக் போட்டால் வேண்டாம். டிக் இல்லையென்றால் இருக்கட்டும். தொழிற்சாலைப் படிவத்தில் 'விடுப்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டால் வேலைக்கு வரவில்லை என்று ஆகுமே, அதே மாதிரி. ஆகவே ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது எதை எடுத்துவிடும், என் நிரல் அதைத் தேடுமா?

அந்தக் கேள்வியோடு, ஈவென்ட் டிசேபிள் திரெட் சப்போர்ட் என்ற வரிக்கு வருவோம். மாமாவின் பலகையைக் கெடுத்தது இதுதான். என் நிரலில் இரண்டு நூல்கள் (திரெட், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) இருந்தன. ஒன்றில் நிகழ்வுச் சுழல், அதாவது தகவல் வரும்வரை தூங்கி, வந்ததும் எழுந்து வேலை செய்யும் பகுதி, தராசின் தகவலுக்காகக் காத்திருந்தது. மற்றொன்று கிராணியின் பொத்தானைக் கவனித்தது. பொத்தான் அழுத்தப்பட்டதும் இரண்டாவது நூல் சுழலுக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. ஆனால் நான் நூல் ஆதரவை எடுத்துவிட்டதால், தூங்கும் சுழலைத் தட்டி எழுப்ப ஆள் இல்லை. வேலை வரிசையில் சேர்ந்துவிட்டது, சுழல் மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த லோரி தராசில் ஏறி, தகவல் வந்து, சுழல் தானாக விழித்தபோதுதான் பழைய வேலையும் சேர்ந்து நடந்தது. பிழைச் செய்தி எதுவும் வராது. நூலகம் தன் கணக்கில் சரியாகத்தான் ஓடுகிறது.

'சின்னக் கணினிதானே, பாரம் குறையட்டும்' என்று போட்ட டிக் அது. இன்று யாருக்குச் சொன்னாலும் அந்தப் பெட்டியைத் தொடாதே என்றுதான் சொல்வேன். அதோடு முடியவில்லை: நூலகத்தில் ஆதரவு இருந்தால் மட்டும் போதாது. நிரலின் தொடக்கத்தில், சுழலை உருவாக்குவதற்கு முன்பே, ஈவித்ரெட் யூஸ் பிதிரெட்ஸ் என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். லிப்ஈவென்ட் பிதிரெட்ஸ் என்ற துணை நூலகத்தையும் இணைக்க வேண்டும். துணை நூலகம் விட்டுப்போனால் நிரலே கட்டப்படாது. அழைப்பு விட்டுப்போனால் பலகை பழையபடிதான்.

அடுத்து ஈவென்ட் லைப்ரரி டைப். இதில் டிக் இல்லை, ஒரு சொல்லை எழுத வேண்டும்: ஸ்டாட்டிக், ஷேர்ட் அல்லது போத். ஸ்டாட்டிக் என்றால் நூலகம் உங்கள் நிரலுக்குள்ளேயே கலந்துவிடும், ஒரே கோப்பைக் கொண்டு போனால் போதும். ஷேர்ட் என்றால் நூலகம் தனிக் கோப்பாக நிற்கும், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும். லினக்ஸில் விட்டுவிட்டால் இரண்டும் கட்டப்படும். களத்தில் கொண்டு போய் வைக்கும் ஒற்றை வேலைக் கருவிக்கு நான் ஸ்டாட்டிக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் மடிக்கணினியில் கட்டியதைப் பையில் அப்படியே ஓட்ட முடியாது, இரண்டின் செயலியும் வேறு. பைக்கானதைப் பையிலேயே கட்டுங்கள்.

பிழைதிருத்தத்துக்கு இரண்டு வரிகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். டிசேபிள் டிபக் மோட் என்பதில் டிக் போடாமல் விடுங்கள். தயார் செய்யாத நிகழ்வைச் சுழலில் சேர்ப்பது போன்ற தவறுகளைப் பிடித்துக் கொடுக்கும் வசதி அது, நிரலில் கேட்டால் மட்டுமே வேலை செய்யும். எனேபிள் வெர்போஸ் டிபக் என்பது வேறு. சுழலின் உள்ளே நடப்பதையெல்லாம் பதிவாகக் கொட்ட வழி செய்யும். அதன் பெயரில் எனேபிள் என்று இருப்பதைக் கவனியுங்கள், டிக் போட்டால் வேண்டும் என்று பொருள். சாதாரணமாக வேண்டியதில்லை.

டெஸ்ட்ஸ், ரெக்ரெஸ், பெஞ்ச்மார்க், சாம்பிள்ஸ் ஆகியவற்றுக்கான டிசேபிள் வரிகளை முதல்முறை அப்படியே விடுங்கள். சாம்பிள்ஸ் நமக்கு வேண்டும்.

ஈவென்ட் குடும்பத்துக்கு வெளியே ஒரு வரியை மாற்றியே ஆக வேண்டும்: சிமேக் இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ். மாற்றாவிட்டால் நூலகம் கணினியின் பொது இடத்தில் போய் உட்காரும். கணினியில் ஏற்கெனவே டிமக்ஸ் போன்றவை பயன்படுத்தும் லிப்ஈவென்ட் இருக்கலாம். அவை உங்கள் நூலகத்தை எடுத்து ஓட வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள்.

படி 4: ஜெனரேட், மேக்

மறுபடி கான்ஃபிகர். சிவப்பு மறைந்தால் சரி, மறையாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ஜெனரேட். ஜன்னலின் வேலை முடிந்தது. டெர்மினலைத் திறந்து, பில்ட் கோப்புறைக்குள் போய், மேக் என்று தட்டச்சு செய்யுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

பில்ட் கோப்புறைக்குள் பின் என்ற கோப்புறையில் ஹலோ-வேர்ல்ட் என்ற மாதிரி நிரல் இருக்கும். அதை ஓட்டும் வரிக்கு முன்னால் ஈவென்ட் ஷோ மெத்தட் என்ற சூழல் மாறிக்கு (நிரல் ஓடும்போது படிக்கும் அமைப்பு) 1 கொடுங்கள். எந்த வழியில் ஓடுகிறது என்று முதல் வரியிலேயே சொல்லும். லினக்ஸில் ஈபோல் என்று வர வேண்டும். ஈவென்ட் நோஈபோல் என்ற மாறியையும் சேர்த்து ஓட்டினால் போல் என்ற பழைய வழிக்கு இறங்கிவிடும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

இன்னொரு டெர்மினலில் நெட்கேட் என்ற இணைப்புக் கருவி கொண்டு 9995 என்ற போர்ட்டைத் தொட்டால், ஒரு வாழ்த்து வந்து இணைப்பு மூடிக்கொள்ளும். முதல் டெர்மினலுக்குத் திரும்பி கண்ட்ரோல்-சி அழுத்துங்கள். நிரல் சட்டென்று சாகாது. இரண்டு நொடியில் ஒழுங்காக வெளியேறுகிறேன் என்று சொல்லி, இரண்டு நொடி கழித்தே போகும். இணைப்பு, சமிக்ஞை, கடிகாரம் மூன்றையும் ஒரே சுழல் பார்த்துக்கொள்கிறது.

நேரம் இருந்தால் மேக் வெரிஃபை என்று ஓட்டிப் பாருங்கள், நூலகத்தின் சொந்தச் சோதனைகள் ஓடும். கடிகாரத்தை நம்பிய சோதனைகள் பல இருப்பதால், மெதுவான கணினியில் ஒன்றிரண்டு தவறினால் வேறு வேலைகளை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கடைசியாக மேக் இன்ஸ்டால்.

மாமாவின் களத்துக்கு நான் மறுபடி கட்டியபோது நான்கே டிக்தான் போட்டேன்: ஓப்பன்எஸ்எஸ்எல், பெஞ்ச்மார்க், டெஸ்ட்ஸ், சாம்பிள்ஸ். லைப்ரரி டைப் ஸ்டாட்டிக். திரெட் சப்போர்ட் வரி வெறுமையாக. நிரலில் அந்த ஒரு செயற்கூற்று அழைப்பைச் சேர்த்தேன். மறுநாள் காலை முதல் லோரி தராசில் ஏறியது. கிராணி பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன்பே பலகையில் எண் மாறியது.